இறக்கை ஓய்ந்த பின்

கெலிஓயாவிலிருந்து பேராதனைக்குச் சென்று கொழும்பு வீதியில் திரும்பினால், சற்று நேரத்திலே கடுகண்ணாவையை அடையலாம். மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறி வந்த புகையிரதம் இளைப்பாறும் அவ்விடத்தில் தேசிய புகையிரத நூதனசாலை அமைந்திருக்கின்றது. இலங்கையில் முதலாவது புகையிரதம் ஓடி நூற்றைம்பது ஆண்டுகள் நிறைவெய்திய 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டது. நம் பாட்டன்மாரை மலைநாட்டுக்கு இழுத்துவந்த நீராவி இயந்திரங்களின் இனத்தை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். கண்டி நகருக்கு மேலேயுள்ள ஹந்தானை மலையில் தேயிலை நூதனசாலை ஒன்று உண்டு. 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த தொழிற்சாலை ஒன்றைச் செப்பனிட்டு, 2001ஆம் ஆண்டில் நூதனசாலையாக மாற்றினார்கள். கொழுந்தை உருட்டிய பழைய யந்திரங்கள் அங்கே எண்ணெய் பூசப்பெற்று அமைதியாக நிற்கின்றன.

தண்டவாளத்தில் ஓடியவற்றுக்கும் ஆலையில் சுழன்றவற்றுக்கும் இவ்வாறு ஒரு நிழல் கிடைத்துவிட்டது. வானத்தில் ஓடியவற்றின் கதி என்ன? சிறு விமானங்களைப்பற்றி நாம் இங்கே கேட்கவில்லை. நூறு பேரையும் இருநூறு பேரையும் சுமந்துகொண்டு சமுத்திரங்களைத் தாண்டிய பெரிய ஜெட் விமானங்கள் வயதாகி ஓய்ந்தபின் எங்கே போகின்றன? அவற்றை யார் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்? எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? ஒரு முறை வகுப்பிலே இந்தப் பேச்சு வந்தபோது, “பறக்காத விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சேர்?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேட வேண்டுமாயின் உலகத்தின் முதலாவது ஜெட் பிரயாணிகள் விமானத்திலிருந்து தொடங்குவதே முறை. அந்த விமானத்திற்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பும் உண்டு.

கொழும்புக்கு வந்த கொமெட்

1952ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி லண்டனிலிருந்து தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேர்க் நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. டி ஹவிலண்ட் கம்பனி செய்த ‘கொமெட்’ அது. பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம் அதனை ஓட்டியது. ஜெட் இயந்திரத்தின் வலிமையால் கட்டணப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்கான சேவையில் பறந்த முதல் விமானம் என்ற பெருமை அதற்கே உரியது. மூன்று மாதங்கள் கழிந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி லண்டன்-கொழும்பு கொமெட் சேவை தொடங்கிற்று. டோக்கியோவும் சிங்கப்பூரும் ஜெட் விமானச் சேவையைக் காணும் முன்னரே கொழும்பு கண்டுவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அக்காலத்தில் சீமைக்குப் போவதென்றால் கப்பலில் வாரக்கணக்கான பிரயாணம். விமானத்தில் போனாலும் காற்றாடிகள் இரைச்சலிட, மேகங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிச் செல்ல வேண்டும். கொமெட்டோ மேகங்களுக்கு மேலே, 35,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், மணிக்கு 450 மைல் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. முப்பத்தாறு பேர் அமரும் சிறிய விமானந்தான். ஆயினும் அதிலே பிரயாணஞ் செய்தவர்கள் அந்த அமைதியைப்பற்றி வியந்து வியந்து பேசினார்கள்.

அந்த வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற கொமெட் ஒன்று ரோமாபுரியிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் எல்பா தீவுக்கருகே வானத்திலேயே உடைந்து கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஜொகனஸ்பேர்க்குக்கு முதற்பிரயாணஞ் செய்த அதே விமானம் அது! அதன் பதிவெழுத்துக்களின் கடைசி இரண்டைக் கொண்டு ‘யோக் பீட்டர்’ என்று அதை அழைத்தார்கள். மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரல் 8ஆம் திகதி, நேப்பிள்ஸ் நகருக்கருகே மற்றொரு கொமெட் வீழ்ந்து 21 பேர் இறந்தனர். கொமெட்டுகள் யாவும் நிறுத்தப்பட்டன.

காரணத்தைக் கண்டுபிடித்த விதம் ஒரு துப்பறியும் கதையை ஒத்தது. பிரித்தானியக் கடற்படையினர் கடலடியிலிருந்து யோக் பீட்டரின் துண்டுகளைப் பொறுக்கியெடுத்தனர். பார்ன்பரோ என்னும் இடத்திலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், சேர் ஆர்னல்ட் ஹோல் என்பாரின் தலைமையில், அத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். அதே வேளையில் வேறொரு கொமெட் விமானத்தின் உடலை ஒரு பெருந்தொட்டிக்குள் வைத்து நீரால் நிரப்பி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டியுங் குறைத்தும் சோதித்தார்கள். விமானம் உயரே ஏறும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று அதன் தோலை வெளிநோக்கித் தள்ளுகின்றது, இறங்கும்போது தளர்கின்றது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை ஊதித் தளர்ந்தால் உலோகம் களைத்துப்போகும். ஒரு கம்பியைப் பல முறை வளைத்து நிமிர்த்தினால் முறிந்துவிடுகிறதல்லவா? அதைப் போன்றதே இது. முன்பு பறந்த பறப்புகளையும் சேர்த்து ஏறக்குறைய 3,000 பறப்புகளுக்குச் சமமான சோதனை முடிந்த வேளையில், தொட்டியிலிருந்த கொமெட்டின் உடல் பிளந்தது. திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து பிளவு தொடங்கியிருந்தது. யோக் பீட்டரின் கூரைத்துண்டும் அதே கதையைச் சொல்லிற்று. அதன் வானொலித் திசைகாட்டிக்காக அமைத்த திறப்பின் மூலையிலே உலோகம் களைத்து வெடித்திருந்தது. அவ்விமானம் ஏறத்தாழ 1,300 தடவையே அழுத்தத்தைத் தாங்கியிருந்தது.

அந்தக் கூரைத்துண்டு இப்போது லண்டன் விஞ்ஞான நூதனசாலையில் இருக்கின்றது. நீளத்திலும் அகலத்திலும் ஒரு சாப்பாட்டு மேசையை ஒத்த கிழிந்த தகடு. பளபளப்பு இல்லை, வண்ணம் இல்லை. ஆனால், இன்று கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு விமானத்தின் சன்னல்களும் மூலைகள் வளைந்தனவாக இருப்பதன் பொருளை அத்தகட்டின் முன்னே நின்றால் உணரலாம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். விபத்துக்களுக்குப்பின் எஞ்சிய முதலாவது ரகக் கொமெட்டுகளிற் சிலவற்றைத் திருத்தி, உடலைப் பலப்படுத்தி, மீண்டும் பறக்கவிட்டார்கள். அவ்வாறு திருத்திய ஒன்று இங்கிலாந்தில் கொஸ்போர்ட் விமானப்படை நூதனசாலையில் முழு உருவத்தோடு நிற்கிறது. முதலாவது ரகத்தில் முழுமையாக எஞ்சியது அது ஒன்றுதான். ஆனால் பழைய சதுரச் சன்னல்களோடு கூடிய கொமெட் உடலைக் காண விரும்பினால், லண்டனுக்கு வடக்கேயுள்ள டி ஹவிலண்ட் நூதனசாலைக்கே போக வேண்டும். ஏர் பிரான்ஸ் நிறுவனத்துக்கு உரியதாயிருந்த அவ்வுடலுக்கு இறக்கை இல்லை. ஆனால் பிழை பிழையாகவே இருக்கிறது. அதை யாராவது ‘அழகாகத்’ திருத்தி வைத்திருந்தால் உலகம் ஒரு சாட்சியை இழந்திருக்கும்.

என் மாணவருக்கு நான் சொன்ன விடையும் ஏறக்குறைய இதுதான். பறக்கும் விமானம் நம்மை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகிறது. ஓய்ந்த விமானமோ தன்னை எப்படிச் செய்தார்கள், எங்கே தவறினார்கள், அதை எவ்வாறு அறிந்தார்கள் என்பதையெல்லாம் காட்டுகின்றது. படத்தைப் பார்த்து இதை அறிய முடியாதா என்றால், ஓரளவு முடியும். தேரின் படத்தைப் பார்த்தவனுக்கும் வடம் பிடித்து இழுத்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு.

நம்முடைய வானம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி, ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழும்பியது. யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்ற அந்த டக்கோட்டா விமானத்துக்குச் சீதாதேவி என்று பெயரிட்டிருந்தார்கள். இலங்கையின் சொந்த விமானம் கண்ட முதல் வெளிநாட்டு நகரம் சென்னையாகவும், இடைத்தங்கலிடம் யாழ்ப்பாணமாகவும் இருந்தமை தமிழ்க் குடும்பங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சீதாதேவி கடல் தாண்டிப் பாரத நாட்டுக்குத் திரும்பினாள் என்று அந்நாளில் யாரேனும் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கக்கூடும்.

1962ஆம் ஆண்டில் ஏர் சிலோன் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, திருத்தியமைக்கப்பட்ட கொமெட் 4 ரக விமானத்திலே லண்டன் சேவையை நடத்தியது. சில ஆண்டுகளில் வி.சி. 10 என்னும் பெரிய விமானம் அவ்விடத்தைப் பிடித்தது. நான்கு இயந்திரங்களையும் வாலிலே சுமந்து, குறுகிய ஓடுபாதையிலிருந்தும் வெப்பமான காற்றிலும் எளிதில் எழும்புமாறு, ஆசிய ஆபிரிக்க நாடுகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது அது. 1969இல் ஏர் சிலோன் ‘டிரைடென்ட்’ என்ற மூன்று இயந்திர ஜெட் விமானம் ஒன்றைத் தனக்கெனப் பெற்றுக்கொண்டது. உலகத்திலே அந்த 1ஈ ரகத்தில் பதினைந்துதான் செய்யப்பட்டன; அவற்றுள் ஒன்று நம்முடையது. 1978ஆம் ஆண்டோடு அது சேவையிலிருந்து நீங்கியது. ஏர் சிலோனின் காலமும் அதனோடு முடிந்தது. 1979 செப்டம்பரில் ‘எயர்லங்கா’ பிறந்து, போயிங் 707 விமானங்களோடு பறக்கத் தொடங்கிற்று. பின்னர் ‘டிரைஸ்டார்’ என்னும் அகன்ற விமானங்கள் வந்தன. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிப்போன நம் சகோதர சகோதரிகளிற் பலருக்கு முதல் விமானப் பிரயாணம் இந்த டிரைஸ்டாரிலேயே வாய்த்தது. அவற்றுள் ஒன்று 1986ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் தரையில் நின்றபோது குண்டுவெடிப்பில் பிளந்து 21 உயிர்களைக் கொண்டுசென்றதையும் மறந்துவிட முடியாது.

இரத்மலானையில் இலங்கை விமானப்படையின் நூதனசாலை ஒன்று இருக்கின்றது. பழைய விமானங்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமாக 1993ஆம் ஆண்டில் தொடங்கிய அது, 2009ஆம் ஆண்டு நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டக்கோட்டாவை அங்கே காணலாம். 1959ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட ‘ஜெட் ப்ரொவோஸ்ட்’ என்னும் பயிற்சி ஜெட் விமானத்தையும் காணலாம். நம் நாட்டு விமானப்படை கண்ட முதல் ஜெட் அதுவே. பிள்ளைகளோடு கொழும்புக்குப் போகும் பெற்றோர் மிருகக்காட்சிச்சாலையோடு திரும்பிவிடாமல் இரத்மலானைக்கும் ஒரு நடை போய்வரலாம்.

ஆனால் விமானப்படையின் கதையைச் சொல்வதே விமானப்படை நூதனசாலையின் முதற்கடமை. சாதாரணக் குடும்பங்களை ஏற்றிச்சென்ற ஜெட் விமானங்களின் கதையைச் சொல்ல வேண்டிய பொறுப்பை அதன் தலையிலே முழுவதும் சுமத்துவது முறையன்று. கொழும்புக்கு வந்துபோன ரகங்களை முழு உருவத்திற் காண விரும்புபவர்கள் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் நகருக்கு அண்மையிலுள்ள டக்ஸ்போர்ட் என்னுமிடத்தில் கொமெட் 4, வி.சி. 10, டிரைடென்ட் ஆகிய மூன்றும் இருக்கின்றன. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் திகதி, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டும் ஜெட் சேவை தொடங்கிய நாளிலே, நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த அதே கொமெட்தான் அங்கே மண்டபத்துக்குள் நிற்பது. சம்பளம் பெறாத தொண்டர்கள் இவற்றைக் கழுவித் துடைத்துப் பராமரித்து வருகிறார்கள்.

ஏன் எஞ்சுவதில்லை?

நீராவி இயந்திரத்துக்குக் கிடைத்த இடம் ஜெட் விமானத்துக்கு ஏன் எளிதிற் கிடைப்பதில்லை? முதற்காரணம் பருமன். டக்கோட்டாவின் நீளம் 20 மீற்றருக்கும் குறைவு. போயிங் 747 விமானத்தின் நீளமோ 70 மீற்றருக்கு மேல். இறக்கையின் அகலம் ஏறக்குறைய 60 மீற்றர். நம் பாடசாலை மைதானங்களிற் பலவற்றில் அதை நிறுத்தினால் பந்தடிக்க இடம் மிஞ்சாது. அதைக் கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவருவதைக் கற்பனை செய்து பாருங்கள்! பாறையைக் குடைந்து டோசன் துரை போட்ட பழைய பாதையில் ஒரு பஸ் வண்டி நுழைவதே பெரும்பாடு.

இரண்டாவது காரணம் பணம். ஓய்வுபெறும் விமானத்தின் இயந்திரங்களுக்கும் சக்கரத் தொகுதிக்கும் கருவிகளுக்கும் நல்ல விலை உண்டு. முழு விமானத்தை விற்பதைவிட அதைக் கழற்றித் துண்டு துண்டாக விற்பதே இலாபம். ஆகவே நன்றாக இருக்கும் விமானமே முதலில் வெட்டுப்படுகின்றது என்பது வேடிக்கையான உண்மை. எஞ்சிய கூடு பழைய அலுமினியமாக உருக்கப்படும். சில விமானங்கள் விமான நிலையத் தீயணைப்புப் படையினரின் பயிற்சிக்குப் போய்ச் சேரும். புகையும் கோடரியும் அவற்றைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். இங்கிலாந்தில் அவ்வாறு பயிற்சிக்கு விடப்பட்டிருந்த டிரைடென்ட் ஒன்றை ஆர்வலர்கள் மீட்டெடுத்து, சண்டர்லண்ட் நகருக்கு அருகிலுள்ள நூதனசாலையிற் சேர்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும் தானாகவே தரையிறங்கும் கலையை உலகத்துக்குக் காட்டிய ரகம் அது. 1965ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரயாணிகளோடு சென்ற டிரைடென்ட் ஒன்று தானியங்கிக் கருவியின் துணையால் ஓடுபாதையைத் தொட்டது. அந்தக் கருவிக்கு வழிவிடும்பொருட்டே அதன் முன்சக்கரத்தை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள் என்பர்.

மூன்றாவது காரணம் நமக்கு மிக நெருங்கியது. அதுதான் ஈரம். விமானத்தின் உடல் அலுமினியத்தோடு செம்பு முதலியவற்றைக் கலந்து செய்த உலோகத்தாலானது. தூய அலுமினியத்தைவிட அதற்கு வலிமை அதிகம். ஆனால் அரிப்பைத் தாங்கும் தன்மை குறைவு. உருக்கு ஆணியும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்குமிடத்தில் உப்புக் கலந்த நீர் தங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி அலுமினியம் கரையத் தொடங்கும். பறக்கின்ற காலத்தில் பொறியியலாளர்கள் நாள்தோறும் பார்த்துத் துடைத்து மருந்து பூசுவார்கள். ஓய்ந்தபின் யார் பார்ப்பது? மழைநீர் விமானத்தின் அடிவயிற்றில் தேங்கும். வடிகால் துவாரங்களை இலைகள் அடைக்கும். இயந்திரத்துக்குள் பறவைகள் கூடு கட்டும். சன்னற் கண்ணாடிகள் வெயிலிலே மங்கி வெடிக்கும். டயர்கள் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகும். அமெரிக்காவிலே அரிசோனா, மொஹாவி பாலைவனங்களிலும், அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலும் பழைய விமானங்களை நிறுத்துவதன் இரகசியம் அங்குள்ள வறட்சிதான். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் உலக விமானங்கள் யாவும் முடங்கியபோது எத்தனையோ விமானங்கள் அப்பாலைவனங்களிற் போய்த் தங்கின. மாதக்கணக்கில் மழை பெய்யும் நம் நாட்டில், அதுவும் உப்புக்காற்று வீசும் கடலோரத்தில், கூரையின்றி ஒரு விமானத்தை நிறுத்துவது அதனைத் தவணை முறையில் அழிப்பதற்கு ஒப்பாகும்.

வேறும் சில இடர்கள் உண்டு. பழைய போயிங் 747 விமானங்களிற் சிலவற்றின் வாலில் சமநிலைப் பாரத்துக்காக யுரேனிய உலோகத்தை வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவற்றைக் கழற்றி அகற்றிய பின்னரே பிள்ளைகள் ஏறி இறங்க இடங்கொடுக்கலாம்.

மனம் வைத்தவர்கள்

இத்தனை தடைகளையும் தாண்டி விமானங்கள் காப்பாற்றப்பட்ட கதைகள் உள்ளத்தைத் தொடுவன. அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 1959ஆம் ஆண்டிலே பெற்ற அதன் முதற்போயிங் 707 விமானம், பல கைகள் மாறிக் கடைசியில் இங்கிலாந்திலே சவுத்எண்ட் விமான நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் கேட்பாரற்று நின்றது. குவாண்டாஸ் பொறியியலாளர்கள், அவர்களும் ஓய்வுபெற்ற முதியவர்கள், கடல் கடந்து சென்று அதன் அரிப்பைச் சுரண்டி, உறுப்புக்களை மாற்றி, இயந்திரங்களை இயங்கச் செய்தார்கள். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் அது தன் சொந்தச் சிறகாலேயே சிட்னிக்குப் பறந்து வந்தது. அடுத்த ஆண்டில் குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டிலுள்ள லோங்ரீச் என்னும் சிற்றூர் நூதனசாலையை அடைந்தது. முதியவர்கள் முதிய விமானத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் 1982ஆம் ஆண்டு நிகழ்ந்தது வேறொரு விதம். நிறுவனம் பண நெருக்கடியிலிருந்தபோது ஊழியர்கள் தம் சம்பளத்திலிருந்து பணஞ் சேர்த்து, 30 மில்லியன் டொலர் பெறுமதியான போயிங் 767 விமானம் ஒன்றை வாங்கி நிறுவனத்துக்கே பரிசளித்தார்கள். 2006இல் அது ஓய்வுபெற்றதும் அதை விற்பதற்கு யாருக்கு மனம் வரும்? அட்லாண்டா நகரிலுள்ள நிறுவனத்தின் நூதனசாலையில் அது நிற்கிறது. சியாட்டில் நகரத்திலோ முதன்முதலாகச் செய்யப்பட்ட போயிங் 727 விமானத்தைத் தொண்டர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் செப்பனிட்டார்கள். 2016ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி சுமார் கால் மணி நேரம் பறந்து நூதனசாலையை அடைவதற்காக இத்தனை உழைப்பு!

ஒலியை விஞ்சிய ‘கொன்கோர்ட்’ விமானத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மற்றெதற்கும் கிடைக்கவில்லை. செய்தவை இருபது; 2000ஆம் ஆண்டில் ஒன்று பாரிஸ் அருகே விபத்திற் சிதைந்தது; இன்னொன்று முன்னரே கழற்றப்பட்டது; எஞ்சிய பதினெட்டும் காப்பாற்றப்பட்டுள்ளன. 2003ஆம் ஆண்டில் சேவை முடிந்தபோது அவற்றைப் பெறுவதற்கு ஊர்கள் போட்டியிட்டன. ஸ்கொத்லாந்துக்குக் கிடைத்த கொன்கோர்ட் இறக்கைகள் கழற்றப்பட்டு, தேம்ஸ் நதியிலே தட்டையான கப்பலில் ஏற்றப்பட்டு, கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. புகழ்பெற்ற அழகிக்கு எல்லோரும் மாலையிட வருவார்கள். நாள்தோறும் நம்மைச் சுமந்த டிரைஸ்டாருக்கும் போயிங் 737க்கும் அந்தக் கூட்டம் வருவதில்லை. என் அபிப்பிராயத்தில் இது உலக நூதனசாலைகளின் பெருங்குறை.

தனியாரும் பின்வாங்கவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே புரூஸ் கேம்பெல் என்ற பொறியியலாளர் 1999ஆம் ஆண்டில் போயிங் 727 ஒன்றை 100,000 டொலருக்கு வாங்கி, காட்டு மரங்களுக்கு நடுவே நிறுத்தி, அதையே வீடாக்கிக்கொண்டார். சுவீடனில் ஸ்டொக்ஹோம் விமான நிலையத்தருகே போயிங் 747 ஒன்று 2009ஆம் ஆண்டில் தங்கும் விடுதியாயிற்று. விமானியின் ஆசனமிருந்த இடத்திலே படுக்கை போட்டுவிட்டால் அது பாதுகாப்பாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்கூடு எஞ்சுகின்றது; உள்ளே இருந்த சாட்சியம் போய்விடுகின்றது. ஆயினும் உருக்கு உலைக்குப் போவதைவிட இது மேல் என்றே நான் சொல்வேன்.

செல்வந்த நாடுகளின் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடலாமா? நேபாளத்தைப் பாருங்கள். பெட் உப்ரேத்தி என்னும் விமானி அங்கே முதலில் தங்கடி என்ற ஊரில் பழைய போக்கர் 100 விமானமொன்றை நூதனசாலையாக்கினார். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் துருக்கி நாட்டு எயர்பஸ் விமானமொன்று காத்மண்டு ஓடுபாதையில் மூடுபனியிலே சறுக்கிப் பழுதடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அகற்றவும் முடியாமல், பறக்கவைக்கவும் முடியாமற் கிடந்த அவ்விமானத்தையும் அவர் துண்டுகளாக நகர்த்திப் பொருத்தி, 2017இல் பொதுமக்களுக்குக் காட்சியாக்கினார். நேபாளம் நம்மைவிடச் செல்வம் மிக்க நாடன்று.

இருப்பினும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. இப்படிப்பட்ட நாட்டில், முழு ஜெட் விமானமொன்றுக்குப் பெருங்கூரை போட்டு ஆண்டுதோறும் பணம் செலவிடுமாறு அரசாங்கத்தைக் கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பலர் விமானத்தின் மூக்குப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்து வைத்துக் காக்கிறார்கள். விமானியின் அறையும் கருவிகளும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். லொறியில் ஏற்றலாம், ஒரு கொட்டகைக்குள் வைக்கலாம். நியூவார்க் விமான நூதனசாலையில் இத்தகைய மூக்குப்பகுதிகளுக்கென்றே ஒரு விழா நடத்தி வந்திருக்கிறார்கள். அவ்வாறான ஒன்று பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கு வந்தால், மலைநாட்டு மாணவர்கள் கொழும்புக்குப் போகாமலே ஒரு ஜெட் விமானத்தின் எலும்பையும் நரம்பையும் தொட்டுப் படிக்கலாம். ஆனால் வெட்டுவோர் வருவதற்கு முன்னரே தீர்மானம் எடுத்தாக வேண்டும். விமானம் ஓய்வுபெறும் திகதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு கடிதம், ஒரு கையொப்பம், அவ்வளவே தேவை. உலகெங்கும் நூதனசாலைகள் தவறவிட்ட விமானங்களிற் பல, பணமில்லாமையால் அன்றி, உரிய வாரத்தில் எவரும் கேளாமையாலேயே போயின.

குடும்பங்களும் இதிற் பங்குகொள்ளலாம். பெட்டியின் அடியிலே கிடக்கும் ஏர் சிலோன் பிரயாணச் சீட்டு, எயர்லங்கா விமானப் படிக்கட்டில் நின்று எடுத்த புகைப்படம், முதற் பிரயாணத்தை வர்ணித்து மாமா எழுதிய கடிதம் ஆகியவற்றைக் கறையான் தின்ன விடாதீர்கள். திகதியையும் பெயரையும் பின்புறத்திற் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை வேண்டாம், அது ஊறும்.

மலைநாட்டிலேயே ஜெட் விமானமொன்றின் உறுப்பு ஒன்று நெடுங்காலமாக வைக்கப்பட்டிருப்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை நிறுத்துவது சரியன்று. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற டி.சி. 8 ரக ஜெட் விமானம் ஒன்று கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. ஹொலந்து நாட்டு மார்ட்டின்எயர் நிறுவனத்துக்குரிய அவ்விமானத்தில் மக்காவுக்குச் செல்லும் ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேரும் இருந்தனர். தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்த விமானிகள் வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர். மஸ்கெலியாப் பகுதியில் சப்த கன்னியர் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 4,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், விமானம் மோதிச் சிதறிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, தம் சொந்த மண்ணிலிருந்து வெகுதூரத்தில், அவர்களுடைய பிரயாணம் முடிந்தது. அவ்விமானத்தின் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜ் ஊரில் நினைவாக வைத்தார்கள். கண்ணாடிப் பேழையோ காவலாளியோ அதற்கு இல்லை. இலங்கையில் நிகழ்ந்த விமான விபத்துக்களில் மிகப்பெரிய விபத்தின் சாட்சி அது. கெலிஓயாவிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் போனால் ஒரே பகலிற் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.